விமானப்படை பைலட் ஆக எந்த டிகிரி படிப்பது? வரிசை தவறாமல் முடிவெடுக்க முழு வழிகாட்டி

"ஏர்ஃபோர்ஸ்ல பைலட் ஆகணும், எந்த கோர்ஸ் எடுக்கலாம்?" கவுன்சலிங் சமயத்தில் மாணவர்களும் பெற்றோரும் இந்தக் கேள்வியோடு வருவார்கள். பாதிப் பேர் 'ஏரோநாட்டிக்கல்' என்ற பதிலை மனதில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று: உயரம் எவ்வளவு, கண்ணாடி உண்டா, பிறந்த தேதி என்ன?

கோர்ஸ் என்பது இந்த வரிசையில் ஐந்தாவதாக எடுக்க வேண்டிய முடிவு. அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், மூன்றாம் ஆண்டில் வந்து தவிப்பதைப் பார்க்க மனது கஷ்டப்படுகிறது. அதனால் வரிசையாகவே போவோம்.

முடிவெடுக்க உட்காருவதற்கு முன் கையில் இவை இருக்கட்டும்: 10-ஆம் வகுப்புச் சான்றிதழ் (பிறந்த தேதிக்கு அதைத்தான் பார்ப்பார்கள்), +2 மதிப்பெண் பட்டியல், ஓர் அளவு டேப், கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த பவர் சீட்டு, ஏஎஃப்கேட் (விமானப்படை நடத்தும் அதிகாரிகள் தேர்வு), சிடிஎஸ் (பட்டதாரிகளைப் படை அதிகாரிகளாக எடுக்க யுபிஎஸ்சி நடத்தும் தேர்வு), கடற்படை நுழைவு ஆகிய மூன்றுக்கும் கடைசியாக வந்த அறிவிப்பு. அறிவிப்பை நீங்களே வரிவரியாகப் படியுங்கள். யூடியூபில் ஒருவர் சொன்னது போன ஆண்டு விதியாக இருக்கலாம்.

1. முதலில் உடம்பை அளந்து பாருங்கள்

பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே அளவுதான். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். விமானத்தின் காக்பிட்டில் உடம்பு பொருந்த வேண்டும் என்பதால் இன்னும் மூன்று அளவுகள் உண்டு.

உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.-க்கு மிகாமல் இருக்க வேண்டும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்டும்படி தரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து குதிகால் வரை கால் நீளம், தரையிலிருந்து உச்சந்தலை வரை உட்கார்ந்த உயரம். பிறகு ஒரு ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்காலின் முன்பக்கம் வரை தொடை நீளம். ஒரு செ.மீ. முன்னே பின்னே வந்தால் கலங்க வேண்டாம். கடைசி வார்த்தை மருத்துவக் குழுவுடையது.

அடுத்தது கண். நிறப்பார்வையில் குறை இருந்தால் பறக்கும் பிரிவுக்கு வழியில்லை. இதைக் கண் மருத்துவமனையில் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கிட்டப்பார்வைக்கு, அதாவது மைனஸ் பவருக்கு, விதி மிகக் கடுமை.

லேசர் சிகிச்சை செய்துகொண்டு விண்ணப்பிக்க ஏஎஃப்கேட்டில் நிபந்தனைகளோடு இடம் இருக்கிறது. 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கண்ணின் அச்சு நீளம் (கண்விழியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை) 25.5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பவை முக்கியமானவை. கண்ணாடியைக் கழற்றிவிடும் அவசரத்தில் 18 வயதிலேயே லேசர் செய்துகொண்டு வருபவர்கள் உண்டு. அந்த ஒரு தேதியாலேயே வாசல் அடைபடுகிறது. அச்சு நீளத்தை முதலில் அளந்து பார்க்காமல் சிகிச்சைக்கே போகாதீர்கள்.

இதற்கும் டிகிரிக்கும் என்ன தொடர்பு என்றால், லேசர் தேவைப்படும் ஒருவருக்கு 21 வயதுக்குப் பிறகுதான் கதவு திறக்கிறது. அவர் +2 முடித்ததும் என்டிஏ-வை (+2 தகுதியோடு சேரும் தேசிய பாதுகாப்பு அகாடமி) நம்பி ஓர் ஆண்டைச் செலவழிப்பதில் பொருளில்லை. நேராகப் பட்டப்படிப்பு வழியைத்தான் அவர் திட்டமிட வேண்டும்.

2. +2-வில் கணிதமும் இயற்பியலும் இருக்கிறதா?

ஏஎஃப்கேட் பறக்கும் பிரிவுக்கு +2-வில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தனித்தனியாக 50% வேண்டும். மொத்தத்தில் 85% இருந்து இயற்பியலில் 48 என்றால் தகுதி இல்லை.

ஃபர்ஸ்ட் குரூப், கணிதம் - கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மாணவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இடிப்பது கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப்பிலும் காமர்ஸ் குரூப்பிலும்தான். 'காலேஜில் பி.எஸ்சி. மேத்ஸ் எடுத்துச் சரிக்கட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விதி கேட்பது +2 அளவில்.

பத்தாம் வகுப்பு முடித்து இதைப் படிக்கும் மாணவர் இருந்தால், அவருக்கு நான் சொல்ல விரும்புவது இது மட்டும்தான்: பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதுதான் உங்கள் உண்மையான முதல் தேர்வு. டிகிரியைப் பிறகு மாற்றலாம், குரூப்பை மாற்ற முடியாது.

பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவர்கள் தனியாகக் கவனியுங்கள். ஏஎஃப்கேட் விதி +2 மதிப்பெண்ணைப் பேசுகிறது. சிடிஎஸ் வழியாக விமானப்படை அகாடமிக்குப் போவதற்கான விதியோ, '+2-வில் இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரி, அல்லது பி.இ.' என்கிறது. அந்த 'அல்லது' உங்களுக்கானது.

3. பிறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24. விண்ணப்பிக்கும் நாளில் என்று நினைத்துவிடுகிறார்கள். பயிற்சி தொடங்கும் நாளில்தான் கணக்கு. விண்ணப்பத்துக்கும் பயிற்சிக்கும் இடையில் ஏறத்தாழ ஓர் ஆண்டு ஓடிவிடும். டிசம்பரில் விண்ணப்பிக்கும் ஏஎஃப்கேட்-1, அதற்கு அடுத்த ஆண்டும் கழிந்து வரும் ஜனவரிப் பயிற்சிக்கு. ஜூனில் விண்ணப்பிக்கும் ஏஎஃப்கேட்-2, மறு ஆண்டு ஜூலைப் பயிற்சிக்கு.

ஒரு கணக்கு போடுவோம். 10 மார்ச் 2008-ல் பிறந்து 2025-ல் +2 முடித்த மாணவி. 10 மார்ச் 2032-ல் 24 முடிகிறது. ஆகவே அவருக்குக் கடைசிப் பயிற்சி ஜனவரி 2032. அதற்கு டிசம்பர் 2030-ல் விண்ணப்பித்தாக வேண்டும்.

2025-ல் பி.இ. சேர்ந்து 2029-ல் முடித்தால், இறுதி ஆண்டின் டிசம்பரில் போடும் முதல் விண்ணப்பத்திலிருந்து எண்ணி அவருக்கு 5 ஏஎஃப்கேட் கிடைக்கும். மூன்றாண்டு பி.எஸ்சி. என்றால் 7. நீட்டுக்காக ஓர் ஆண்டு ரிப்பீட் செய்துவிட்டு பி.இ. சேர்ந்தால் 3. ஐந்தாண்டு பி.ஆர்க். என்றாலும் 3. ரிப்பீட்டும் செய்து ஐந்தாண்டுப் படிப்பிலும் சேர்ந்தால் ஒன்றே ஒன்று.

உங்கள் பிறந்த தேதியை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். 'எம்.இ. முடித்துவிட்டுப் பார்க்கலாம்' என்ற யோசனை அந்தத் தாளிலேயே அடிபட்டுப் போகும். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வழங்கிய செல்லுபடியாகும் கமர்ஷியல் பைலட் உரிமம் இருந்தால் உச்சவரம்பு 26. ஆனால் அதற்கு ஆகும் செலவு ஒரு சாதாரணக் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். இரண்டு ஆண்டு சலுகைக்காக மட்டும் அதை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. கல்லூரி சேர்ந்துவிட்டால் என்டிஏ முடிந்துபோயிற்று என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சி தொடங்கும்போது 16½ முதல் 19½ வரை வயது இருந்தால் போதும். முதலாம் ஆண்டில் படித்துக்கொண்டே எழுதலாம். 2022-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். தேர்வானால் கல்லூரியை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால் பாதியில் நின்றால் சான்றிதழ் திருப்பித் தரும் விதிகளைச் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்தப் படை, எந்த வாசல்?

வானில் பறப்பது விமானப்படை மட்டும் அல்ல. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்று நம் பக்கத்திலேயே கடற்படையின் விமானத் தளங்கள் இருக்கின்றன. எந்த வாசல் என்று முடிவு செய்யாமல் டிகிரியை முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு வாசலும் வேறு டிகிரி கேட்கிறது.

விமானப்படைக்கு ஏஎஃப்கேட் வழியாக ஆண், பெண் இருவரும் போகலாம். எந்தப் பட்டமானாலும் 60% போதும். இது 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி, நீட்டிப்பு இல்லை. யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் வழியாக ஆண்கள் நிரந்தரப் பணிக்குப் போகலாம்.

கடற்படை பைலட் நுழைவுக்கு பி.இ. அல்லது பி.டெக். கட்டாயம். எந்தப் பிரிவானாலும் 60%. அதோடு 10, +2 இரண்டிலும் 60%, அவற்றில் ஒன்றில் ஆங்கிலத்தில் 60% கேட்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் எழுத்துத் தேர்வு வைக்காமல் டிகிரி மதிப்பெண்ணை வைத்தே நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். சிடிஎஸ் வழியாகக் கடற்படை அகாடமிக்குப் போகவும் பொறியியல் பட்டம் வேண்டும்.

கடலோரக் காவல்படையின் அறிவிப்பில் பைலட் பிரிவு இருக்கும் ஆண்டில், +2-வில் கணிதமும் இயற்பியலும் படித்த பட்டதாரிகள் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ராணுவத்தின் விமானப் பிரிவுக்குப் பாதை சற்று வளைந்தது. முதலில் அதிகாரி ஆக வேண்டும், பிறகு விமானப் பிரிவுக்குத் தேர்வாகி நாசிக்கில் பயிற்சி பெற வேண்டும். அபிலாஷா பராக் சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து 2018-ல் வான் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தவர். 2022-ல் ராணுவத்தின் முதல் பெண் போர் விமானி ஆனார். பறப்பது மட்டுமே குறிக்கோள் என்றால் இந்த வழியை முதல் விருப்பமாக வைக்காதீர்கள். தேர்வாகாவிட்டால் தரைப் பணியை முழு மனதோடு செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

5. இப்போது டிகிரி

உடம்பு, +2, வயது, வாசல் நான்கும் தெளிந்த பிறகு பார்த்தால் டிகிரிப் பட்டியல் தானாகச் சுருங்கியிருக்கும்.

முதலில் ஏரோநாட்டிக்கல் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். அது விமானத்தை வடிவமைக்கவும் கட்டவும் சொல்லித்தரும் படிப்பு. ஓட்டுவதை விமானப்படையே ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகலில் உள்ள அகாடமியில் அடியிலிருந்து சொல்லித்தருகிறது. காற்றியக்கவியல், எஞ்சின், வானிலை, வழிகாணல் எல்லாம் அங்கே பாடம். பி.காம். படித்து வந்தவரும் அதே வகுப்பில்தான் உட்காருவார். ஏரோ படித்தவருக்குத் தேர்வில் ஒரு மார்க் கூடுதலாகக் கிடையாது.

2016-ல் விமானப்படையின் முதல் மூன்று பெண் போர் விமானிகளைப் பாருங்கள். அவனி சதுர்வேதி படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பாவனா காந்த் மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ். மோகனா சிங் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். மறுபக்கம் அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்ஐடி-யில் ஏரோநாட்டிக்கல் படித்தவர். விமானப்படை தேர்வில் 8 பேரை எடுத்தபோது 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார்.

விமானம் எப்படிப் பறக்கிறது என்பதே உங்களை இழுக்கிறது, பைலட் ஆகாவிட்டாலும் அதில் வேலை செய்வேன் என்றால் ஏரோவைத் தாராளமாக எடுங்கள். பைலட் ஆவதற்கான படி என்று நினைத்து எடுக்காதீர்கள். மெக்கானிக்கலையும் ஈசிஇ-யையும் விட வெளியில் அதற்கு வேலை கொடுக்கும் இடங்கள் குறைவு.

பி.இ.-யா பி.எஸ்சி.-யா? இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. பி.இ. எடுத்தால் கடற்படை வாசலும் திறக்கும், விமானப்படையின் தரைப் பணித் தொழில்நுட்பப் பிரிவும் திறக்கும், வெளியில் வேலையும் உண்டு. பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் எடுத்தால் கட்டணம் குறைவு, ஓர் ஆண்டு முன்னதாக முடியும், வாய்ப்புகளின் எண்ணிக்கை கூடும். மாலையில் மைதானத்துக்கும் நேரம் கிடைக்கும்.

என் கருத்து இது. மதிப்பெண்ணும் வசதியும் இருப்பவர் பி.இ. எடுக்கட்டும், அதில் வாசல்கள் அதிகம். குடும்பம் கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றாலோ, ஏற்கெனவே ஓர் ஆண்டு போய்விட்டது என்றாலோ, அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. எடுப்பது நல்ல முடிவு. அதில் எந்தக் குறையும் இல்லை.

பி.இ.-யில் எந்தப் பிரிவு என்பதற்கு மூன்று கேள்விகள் போதும்.

அரியர் இல்லாமல் முடிப்பேனா? ஏஎஃப்கேட்டுக்கு 60% தாண்டினால் போதும், அதற்கு மேல் வாங்குவது அழைப்புக்கு உதவாது. கடற்படைக்கோ ஒவ்வொரு மதிப்பெண்ணும் கணக்கில் வரும். இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால், பேருக்காகக் கடினமான பிரிவில் சேர்ந்து தத்தளிப்பதைவிட, உங்களால் நன்றாகப் படிக்க முடிந்த பிரிவே மேல்.

அதைப் பற்றிப் பேச முடியுமா? தேர்வு வாரியத்தில் நேர்காணல் செய்யும் அதிகாரி உங்கள் பாடத்திலிருந்து கேட்பார். "பிடித்த பாடம் எது?" "தெர்மோடைனமிக்ஸ், சார்." "அப்படியா, பிரஷர் குக்கரில் சாதம் ஏன் சீக்கிரம் வேகிறது?" இப்படித்தான் கேள்வி போகும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே திணறுவார். அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை கூடும், அதனால் 100 டிகிரிக்கு மேல் சூடாகிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்பவர் அடுத்த கேள்விக்குப் போவார்.

பைலட் ஆகாவிட்டால் இதில் வேலை செய்வேனா? 14 ஆண்டுப் பணி முடிந்து வெளியே வரும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பலர் பயணிகள் விமானத்துக்குப் போவார்கள். மருத்துவக் காரணத்தால் பறக்க முடியாமல் போனவருக்கு இந்த டிகிரிதான் துணை.

பி.எஸ்சி. ஏவியேஷன், பிபிஏ ஏவியேஷன் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? விமானப் படம் போட்ட சீருடை அணிந்து படிப்பதற்கு படைத் தேர்வில் மதிப்பில்லை.

6. கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

என்சிசி ஏர் விங் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர் விங் சீனியர் டிவிஷன் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்காணலுக்குப் போகும் தனி நுழைவு உண்டு. சிடிஎஸ், ஏஎஃப்கேட் பறக்கும் பிரிவு இடங்களில் 10% அவர்களுக்கு. கல்லூரியில் இருப்பது ஆர்மி விங் என்றால் அதன் சான்றிதழ் இந்த நுழைவுக்கு உதவாது. 'என்சிசி இருக்கு' என்று அலுவலகத்தில் சொன்னால், எந்த விங் என்று அடுத்த கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்.

'பி' முடித்துத்தான் 'சி'. இடையில் முகாம்களும் வருகைப்பதிவும் உண்டு. முதல் ஆண்டிலேயே சேராதவர்களுக்குக் காலம் போதாமல் போகிறது.

சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றும் சூத்திரத்தையும் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறுபடும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தரும் மாற்றுச் சான்றிதழை ஆறாம் செமஸ்டரிலேயே வாங்கி வையுங்கள். அழைப்பு வந்த பிறகு ஓடினால் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருப்பார்.

7. படிக்கும்போது காக்க வேண்டியவை

இறுதி ஆண்டில் விண்ணப்பிப்பவருக்கு நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. முன்பு இருந்து எழுதி முடித்தது பிரச்சினை இல்லை. ஐந்தாம் செமஸ்டர் அரியரை ஏழாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், டிசம்பர் விண்ணப்பம் கையை விட்டுப் போகும். மூன்றாம் அத்தியாயத்துத் தாளில் ஒரு வாய்ப்பு குறைந்துவிடும்.

ஏஎஃப்கேட் 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், பொது அறிவு, எண்கணிதம், பகுத்தறிவு என்று வருவதால் எந்த டிகிரிக்காரருக்கும் ஒரே தூரம்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே தினமும் ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். குழு விவாதத்தில் கருத்து இருந்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிக வருத்தம்.

8. ஒரே ஒரு முறை நடக்கும் தேர்வும் இரண்டாம் விருப்பமும்

நேர்காணலில் தேறியவர்களுக்கு சிபிஎஸ்எஸ் என்ற கணினிவழி பைலட் தகுதித் தேர்வு நடக்கும். கண், கை, கால் மூன்றும் ஒருங்கே இயங்குகிறதா என்று அது பார்க்கிறது. வாழ்நாளில் ஒரு முறைதான். அதில் தவறினால் பறக்கும் பிரிவுக்கு மறுபடி வர முடியாது. எத்தனை ஏஎஃப்கேட் மீதம் இருந்தாலும் பயனில்லை.

அதனால் தூக்கம் கெட்டு, காய்ச்சலோடு போய் 'ஒரு அனுபவத்துக்கு' உட்கார வேண்டாம். அதற்கு முந்தைய எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுபவம் பெறலாம்.

ஏஎஃப்கேட் விண்ணப்பத்தில் பிரிவுகளின் விருப்ப வரிசை கேட்பார்கள். பலர் பறக்கும் பிரிவை மட்டும் குறித்துவிட்டு மற்றதைக் காலியாக விடுகிறார்கள். தரைப் பணிப் பிரிவுகளுக்கு வயது வரம்பு 26 வரை. தொழில்நுட்பப் பிரிவுக்கு எந்தெந்த பி.இ. படிப்புகள் ஏற்கப்படும் என்ற பட்டியல் அறிவிப்பின் பின்பகுதியில் இருக்கும். உங்கள் சான்றிதழில் அச்சாகப்போகும் படிப்பின் பெயர் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று சேரும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். 'வித் ஸ்பெஷலைசேஷன் இன்' என்று நீளமான புதுப் பெயர் உள்ள படிப்புகளில் இந்தச் சிக்கல் வரும். பெயர் பொருந்தவில்லை என்றால் அதே கல்லூரியில் பழைய பெயருள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.